பேச்சியம்மா சம்மதித்தாள், நான் சம்மதிக்கவில்லை

செல் ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லித் தந்திருப்பார்கள். யாருடைய உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அவரிடம் கேட்டுவிட்டு எடு என்று. நல்ல பாடம். அந்தப் பாடத்தை யாரும் நடத்தாத காலத்தில் அதற்காகச் சண்டை போட்டவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். போதாது.

நான் ரத்தமும் திசுவும் பார்க்கிற டாக்டர். மற்ற டாக்டர்கள் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள், நான் அவருடைய செல்லைப் பார்ப்பேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகள் முடிகிறவரை அந்த ரோட்டில் பஸ்ஸில் போய்வந்தேன். பக்கத்து சீட்டில் ஷிப்ட் முடித்து வரும் மில் பெண்கள் தலையெல்லாம் பஞ்சோடு தூங்கிக்கொண்டு வருவார்கள். என் லேபில் இரண்டு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்க ஒரு சென்ட்ரிஃப்யூஜ், ரத்தம் வைக்க ஒரு ஃபிரிட்ஜ். பெரிய விஞ்ஞானமெல்லாம் நகரத்தில் நடக்கும், நமக்கு வாய்த்தது மலமும் சிறுநீரும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு நீடிக்கவில்லை. விஞ்ஞானம் ஒரு ஐஸ் பெட்டியோடு வந்து எங்கள் வாசலில் இறங்கியது.

நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை ரத்த நோய் நிபுணர் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். கெட்டிக்காரர். மோசடிக்காரர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஸ்டெம் செல் என்று போர்டு மாட்டிக்கொண்டு, மூட்டு வலிக்கும் மூளை வளராத பிள்ளைக்கும் ஒரே ஊசியைப் போடுகிறார்களே, எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, அந்தக் கூட்டத்தில் அவரைச் சேர்க்க மாட்டேன். அவருக்கு நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் தேடித் தூக்கம் கெட்டவர் அவர்.

கேள்வி இதுதான். பிள்ளை வயிற்றில் வளரும்போது சில மாதங்கள் அதற்கு ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இல்லை, ஈரலில். ரத்தத்தின் எல்லாச் செல்களையும் பெற்றுப் போடும் தாய்ச் செல்கள் அப்போது அங்கேதான் குடியிருக்கும். எலும்பு மஜ்ஜை வற்றிப்போன ஒரு நோயாளிக்கு அந்தச் செல்களை ஏற்றினால், அவை மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்து மறுபடி ரத்தம் ஊற வைக்குமா? அன்றைக்கு வேறு பல இடங்களிலும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். ஸ்டெம் செல் என்ற பேர் புத்தகத்தில் இருந்தது, ஊர் வாய்க்கு வரவில்லை. இப்போது ஊர் வாயிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. நம் முன்னோர்கள் தாயத்துக்குள் தொப்புள்கொடி வைத்து ஸ்டெம் செல்லைப் பாதுகாத்தார்கள் என்று போன வாரம் எனக்கு ஒருவர் செய்தி அனுப்பினார். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் இருக்குமானால் கருவாட்டுக்கும் நீச்சல் தெரியும் என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் அவர் அனுப்புவதில்லை.

நிபுணர் எங்களிடம் கேட்டது சின்ன உதவி. கருக்கலைப்பு நடக்கும் நாட்களில் வெளியே வருவதிலிருந்து நான் ஈரலைப் பிரித்து ஐஸில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

"அந்தப் பொம்பளைங்ககிட்ட யாரு சார் கேக்கிறது?" என்றேன்.

"எதுக்கு மேடம் கேக்கணும்? கழிவுதானே அது."

"கழிவுன்னா நீங்க எதுக்கு ஐஸ் பெட்டியோட வர்றீங்க? குப்பை வண்டியோட வந்தாப் போதுமே."

அவர் சிரித்தார். எங்கள் ஆஸ்பத்திரியை நடத்தியவர் சிரிக்கவில்லை. அவரைப் பெரிய டாக்டர் என்போம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதற்றம் வந்தால் வெளியிலும் தெலுங்கு வந்துவிடும். "வத்தம்மா, வத்து" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். "அதுவே மனசு நொந்து வந்து படுத்திருக்கும். அதுகிட்டப் போயி ஈரலைத் தாறியான்னு கேப்பியளா? ஈவு இரக்கம் வேண்டாமா?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். குப்பையில் போடுவதைக் கேட்காமல் போடலாம், ஒரு காரியத்துக்கு எடுப்பதைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நான் கேட்டேன். ஆபரேஷன் மேஜையில் வைத்து இல்லை, முந்தின நாள், புருஷனையும் மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சிலர் மாட்டேன் என்றார்கள். சிலர் அழுதார்கள். அழுதுவிட்டுச் சரி என்றவர்களும் உண்டு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள், "அதுக்கு ஒரு பிரயோசனம் இருக்குன்னா எடுத்துக்கிடுங்க. ஆனா பொறவு எங்கிட்ட வந்து அது என்னாச்சுன்னு சொல்லப்பிடாது." பெரிய டாக்டர் பயந்ததுபோல ஒருத்தியும் மயங்கி விழவில்லை. பெண்ணுக்குத் தாங்காது என்று யாராவது சொன்னால், தாங்காதது யாருக்கு என்று ஒருதடவை திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

அதோடு என் கதை முடிந்திருந்தால் நீங்கள் கை தட்டலாம். ஆனால் வார்டில் கேட்ட கேள்வி வார்டோடு நிற்குமா? கட்டிலுக்குக் கட்டில் போனது. போய்ச் சேர்ந்த இடம் பேச்சியம்மாவின் காது.

பேச்சியம்மாவின் புருஷன் முருகேசன் ஆண்கள் வார்டில் இருந்தார். ஊர் சோழபுரம் பக்கம். பருத்திக் காட்டில் கூலிக்கு மருந்தடிக்கிற வேலை. காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள், பல் விளக்கினால் ரத்தம், நாலடி நடந்தால் மூச்சு. அவருடைய இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து நான்தான் பார்த்தேன். நல்ல மஜ்ஜை வாரச்சந்தை மாதிரி இருக்கும், செல்லுக்குச் செல் தோள் உரசி நிற்கும். முருகேசனுடைய ஸ்லைடில் சந்தை கலைந்துபோன பொட்டல். வெறும் கொழுப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். அவர் அடித்த மருந்துதான் இதைச் செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

மஜ்ஜையை மாற்றி வைக்கக் கூடப்பிறந்தவர் வேண்டும், முருகேசன் ஒற்றைப் பிள்ளை. அப்படியே இருந்தாலும் அன்றைக்கு அந்த வைத்தியம் நடந்த இடமும் அதன் செலவும் சோழபுரத்துக் கூலிக்காரருக்கு எட்டுகிறவை இல்லை. மாத்திரை கொடுத்தோம், அவருடைய ஊர்க்காரர்களைப் பிடித்துப் பிடித்து ரத்தம் ஏற்றினோம். ஏற்றியது வடிந்துகொண்டே இருந்தது. பேச்சியம்மாவுக்கு அப்போது நாலாம் மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை.

அவள் நேராக நிபுணரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். "ஊரார் பிள்ளை ஈரலே ஒட்டும்னா, எம்பிள்ளை ஈரல் ஒட்டாதா சார்? அவிய ரத்தம்தான அது?"

நிபுணர் என் லேபுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். உங்களில் சிலருக்கு அந்த முகம் வரும், வந்தே தீரும், அதனால் சொல்கிறேன். பேராசை இல்லை அது. விடுகதைக்கு விடை கிடைக்கப்போகிற பிள்ளையின் முகம். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பாதி பொருந்தும், யாரோ ஒருத்தியின் கருவை விட இது மேல். அந்தப் பெண் சொன்னது விஞ்ஞானப்படியும் தப்பில்லை.

"நீங்கதானே மேடம் கேளு கேளுன்னு என்னைப் பாடாப் படுத்தினீங்க? இப்ப நாம கேக்கலை, அவங்களா வந்து தர்றாங்க. சுயநினைவோட, அழாம, தெளிவாச் சொல்றாங்க. இதைவிடப் பெரிய சம்மதம் உலகத்துல உண்டா?"

என் கத்தியை எடுத்து என்னையே குத்திவிட்டார். "வளர்ந்த ஆளு சார் அவரு. கட்டைவிரல் தண்டி ஈரல்ல எத்தனை செல் கிடைக்கும்? கிடைச்சாலும் அவர் உடம்பு அதை விட்டு வைக்குமா?" என்றேன்.

"நடக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியாதுதான். நடக்கும் என்று அவராலும் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத ஒன்றை நம்பிப் பேச்சியம்மா தன் பிள்ளையைக் கொடுக்க வந்திருந்தாள். தெரியாது என்ற வார்த்தையை நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை. முயற்சி செய்வோம் என்று சொல்லியிருந்தோம். முயற்சி என்றால் டாக்டர் காதில் ஒன்று விழும், வீடு எரிகிறவள் காதில் வேறொன்று விழும்.

அவளைத் தனியாக லேபுக்குக் கூப்பிட்டேன். நின்றுகொண்டே பேசினாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"இதைச் செய்யின்னு உனக்கு யாரு சொன்னா பேச்சியம்மா?"

"யாரும் சொல்லலை டாக்டரம்மா." வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "ஆனா யாரும் வேண்டாம்னும் சொல்லலை" என்றாள்.

"உங்க அத்தை என்ன சொல்லுதாங்க?"

"அவிய ஒண்ணும் சொல்லலை. என்னையத் திட்டுததை நிப்பாட்டிட்டாவ. சோத்தைப் போட்டுத் தட்டைக் கையில தாராவ."

அந்தத் தட்டை என் கையில் வாங்கின மாதிரி இருந்தது எனக்கு. வையாத மாமியாரும் வாயைத் திறக்காத டாக்டர்களுமாகச் சேர்ந்து ஒருத்தியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"உன் புருஷன்?"

"அவியளுக்குத் தெரியாது. மதுரையில இருந்து மருந்து வருதுன்னு சொல்லி வச்சிருக்கோம். சொன்னா மனசு தாங்காதுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாவ." பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளை பொறவு பெத்துக்கிடலாம் டாக்டரம்மா. புருசனைப் பெத்துக்கிட முடியுமா?"

"நான் செய்ய மாட்டேன்."

"எம்பிள்ளை, என் வயிறு, நான் தாரேங்கேன். மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?"

நல்ல கேள்வி. இன்றைக்கு நீங்களும் அதையே கேட்பீர்கள், பெண்ணின் உடம்பு பெண்ணின் உரிமை இல்லையா என்று. உரிமைதான். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "உன் வயித்துக்கு நான் யாருமில்லை. இந்தப் பிள்ளை வேண்டாம்னு உனக்கே இருந்தா அது வேற பேச்சு, யாரும் குறுக்க நிக்க முடியாது. ஆனா நீ வேணும்னு தவம் கிடந்த பிள்ளை இது. அவரு பிழைச்சிருவாருன்னு நம்பித்தான் அழிக்க வந்திருக்கே. பிழைப்பாருன்னு எங்களுக்கே தெரியாது. அந்த நம்பிக்கையை உனக்குக் குடுத்தது நாங்க. அதை வச்சு உங்கிட்டயே நாங்க பிள்ளையை வாங்கிக்கிட்டா அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல."

மற்ற பெண்களுக்கும் இவளுக்கும் வித்தியாசம் அதுதான். அவர்கள் தங்கள் காரணத்துக்காக முடிவு எடுத்துவிட்டு வந்து படுத்தார்கள், அதற்குப் பிறகு நான் கேட்டேன். இங்கே எங்கள் ஆராய்ச்சிதான் முடிவையே எடுக்க வைத்தது. இதைப் பின்னால் பெரிய பெரிய வார்த்தைகளில் சட்டதிட்டமாக எழுதினார்கள், நீங்கள் படித்திருப்பீர்கள். எனக்கு அன்றைக்கு எந்தச் சட்டதிட்டமும் கையில் இல்லை. ஒரு சோற்றுத் தட்டுதான் இருந்தது.

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள். அடுத்துப் பெரிய டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரி பேர் தமிழ்நாடு பூரா தெரியும் என்றார், இப்படி ஒரு வாய்ப்பு ராஜபாளையத்துக்கு இனி வராது என்றார், கடைசியில் லேபுக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ள முடியும் என்றார்.

"வச்சுக்கோங்க" என்றேன். "அந்த ஆளுகிட்டயாவது என்ன நடக்குதுன்னு முன்னாலயே சொல்லிருங்க."

ஆனால் எனக்கே தெரியும், என் மறுப்பால் ஒன்றும் நின்றுவிடாது. நான் செல்லைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் நிபுணர் மறுநாள் இரண்டு பேரையும் தன் காரிலேயே நகரத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் கையைக் கழுவிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிடலாம். கை சுத்தமாக இருக்கும், காரியம் நடந்துவிடும். மாட்டேன் என்று சொன்னதோடு கடமை முடிந்தது என்று திருப்திப்பட்டுக்கொள்கிற நல்லவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

எல்லாரும் எல்லாரிடமும் பேசிவிட்டார்கள். ஒரு ஆள் பாக்கி. அந்தச் செல் யார் நரம்பில் ஏறப்போகிறதோ அந்த ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆண்கள் வார்டுக்குப் போகிற வழியில் பேச்சியம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "உன் புருஷன்கிட்டச் சொல்லப்போறேன். நீ சொன்னா நல்லது. இல்லைன்னா நான் சொல்லுவேன்." அவள் தனிமையில் என்னிடம் சொன்னதை வெளியே சொல்வது சரியா என்று கேட்பீர்கள். சோற்றுத் தட்டு அவளுடைய ரகசியம், அதை நான் சொல்லவில்லை. முருகேசன் உடம்பில் என்ன ஏறப்போகிறது என்பது முருகேசனுடைய விஷயம், அதை மறைக்க அவளுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், காலில் விழ வந்தாள். விலகிக்கொண்டு நடந்தேன்.

முருகேசனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதுரை மருந்து என்பது என்ன, அது எங்கிருந்து வரப்போகிறது என்று மறைக்காமல் சொன்னேன்.

மேலே சொட்டுகிற ரத்தத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கேட்டார், "பலிக்குமா டாக்டரம்மா?"

முதல் கேள்வி அதுதான். அவர் தியாகி இல்லை, வாழ ஆசைப்பட்ட மனுஷன். "தெரியாது" என்றேன். "பலிக்காதுன்னுதான் நான் நினைக்கேன். ஆனா நிச்சயமாத் தெரியாது." தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் மைக்ராஸ்கோப் பக்கம் வராதே என்று என் பேராசிரியர் ஒருவர் சொல்வார். அன்றைக்கு எனக்கு வெட்கம் இல்லை, வலி இருந்தது.

"சரி, பலிக்கும்னே வச்சுக்கிடுவோம். அப்பவும் இப்பிடி வந்து எங்கிட்டச் சொல்லுவியளா?"

என் உத்தியோக காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கஷ்டமானது இல்லை. பொய் சொல்லித் தப்பிக்க ஒரு கணம் போதும். "சொல்லுவேன்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "பேச்சியக் கூப்பிடுங்க."

அவள் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். உள்ளே வந்ததும் அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"ஏட்டி, பருத்திக்கு மருந்தடிக்கப் போகையில எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு எனக்கு எவனும் சொல்லல. கூலி குடுத்தான், அடிச்சேன். இதை ஒண்ணையாவது என்னன்னு கேட்டுட்டு ஏத்திக்கிடுதேன். எனக்கு இது வேண்டாம். நீ செத்த நேரம் இப்படி உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நிபுணர் மறுநாள் வெறும் காரோடு போனார். போகும்போது லேப் வாசலில் நின்று, "ஒரு மனுஷனோட கடைசி வாய்ப்பைப் பறிச்சுட்டீங்க மேடம்" என்றார். வாய்ப்பு முருகேசனுடையது, விட்டால் அவர்தான் விட வேண்டும், அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு வருவதை அவர் நிறுத்திக்கொண்டார். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசவே வெகுநாள் ஆனது. வேலையை விட்டு மட்டும் அனுப்பவில்லை. அவர் கொடுத்த சம்பளத்துக்கு வேறு யார் வந்து மாட்டுவார்?

முருகேசன் பிழைக்கவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது, எதிர்த்து நிற்க அவர் உடம்பில் செல் இல்லை. அவர் போனபோது பேச்சியம்மாவுக்கு நிறைமாதம். அவருடைய அம்மா லேப் வாசலுக்கு வந்து, ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லார் முன்னாலும் என்னைச் சபித்தாள். "எம்மவனைக் கொன்னது நோயில்ல, உன் வாயி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வாதாட என்ன இருக்கிறது? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுததற்காக நான் செய்தது தப்பு என்று அர்த்தம் இல்லை.

பிற்காலத்தில் இந்த நோய்க்கு அந்த ஈரல் வைத்தியத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பார்த்தீர்களா, நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று என்று என் மாணவர்கள் சிலர் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது பலித்திருந்தாலும் நான் செய்தது சரிதான். பலித்ததா இல்லையா என்று பார்த்து நியாயத்தை முடிவு செய்தால், ஜெயிக்கிறவன் எல்லாம் யோக்கியன் ஆகிவிடுவான். ஒருவேளை முருகேசன் பிழைத்திருப்பாரோ? இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. அது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நினைக்கிறவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவது நல்லது.

வருஷங்கள் போயின. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் காலையில் லேப் வாசலில் பேச்சியம்மா நின்றாள். மில்லில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பெண் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிறிப்போய், உதடெல்லாம் வெளுத்து இருந்தாள். என்ன பயத்தில் பேச்சியம்மா வந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குது. இவ அப்பாவுக்கு வந்த மாதிரியே இருக்கு" என்றாள்.

"பெரிய டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"அவிய எல்லாம் சரியாயிரும்னுதான் சொல்லுவாவ. நீங்க பாருங்க."

விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். ஸ்லைடில் தடவிச் சாயம் போட்டுக் காய வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது எனக்குள் ஒரு வேண்டுதல் ஓடியது, சாமி கும்பிடும் வழக்கமே எனக்குக் கிடையாது. சிவப்பணுக்கள் சின்னதாக, நடுவில் வெளுத்துப்போய் இருந்தன. ஆனால் வெள்ளை அணுக்கள் தேவைக்கு மேலேயே இருந்தன, பாதிக்குப் பாதி சிவப்பு மணிகள் நிறைந்தவை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. வற்றிப்போன மஜ்ஜையிலிருந்து இப்படி வராது. ஒன்றுக்கு இரண்டு ஸ்லைடு பார்த்துவிட்டு, மலமும் சோதித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"கொக்கிப்புழு. உள்ள இருந்து ரத்தத்தை உறிஞ்சுது, அதான் வெளிறிட்டா. மாத்திரைக்குப் போயிரும், இரும்புச்சத்து தாரேன். காட்டுப் பக்கம் வெறுங்காலோட விடாதே. இவ அப்பாவுக்கு வந்தது இது இல்லை. மஜ்ஜை நல்லா இருக்கு."

அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

"உங்களை எனக்கு ஆகாது டாக்டரம்மா. நெனைக்காத நாள் கிடையாது, நல்லதா நெனைச்ச நாளும் கிடையாது" என்றாள். "ஆனா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுன்னு எங்க அத்தை சொன்னாவ. நீங்க பாத்துட்டியள்லா, இனிப் போக மாட்டேன்."

பிள்ளையின் விரலில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.